கார், ஸ்கூட்டர் பிளாஸ்டிக்கில் மரப்பிசின் ஒட்டிக்கிச்சா? பெட்ரோலைத் தொடும் முன் இதைப் படிங்க!

வெயில் காலத்தில் மர நிழலில் பார்க்கிங் கிடைப்பதே லாட்டரி அடித்த மாதிரிதான். ஆனால் மாலையில் வந்து வண்டியை எடுக்கும்போது பார்த்தால், பம்பரின் கருப்பு பிளாஸ்டிக்கில் பிசுபிசுவென நாலைந்து சொட்டு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பக்கத்தில் நிற்பவர், "கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைங்க, போயிடும்" என்கிறார். துடைத்தால் போயும் விடுகிறது. காய்ந்த பிறகுதான் தெரிகிறது, பிசின் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு!

பிசினை எப்படியும் எடுத்துவிடலாம். அந்தத் திட்டை எடுப்பதுதான் பெரும்பாடு. பெயின்ட் மாதிரி பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. வண்டியை விற்கப் போகும்போது வாங்க வருபவரின் கண் முதலில் போய் நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். சொட்டியது எந்த வகைப் பிசின் என்று முதலில் பார்க்கணும். ஏன் என்று விளக்கமாகப் பார்க்கலாம்.

பெயின்ட் அடித்த பகுதியும் கருப்பு பிளாஸ்டிக்கும் ஒன்றா?

இல்லை. காரின் கதவு, பானெட் எல்லாம் பல அடுக்கு பூச்சு கொண்டவை. நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்ற கண்ணாடி போன்ற அடுக்கு இருக்கும். பிசின் விழுந்தாலும் முதல் அடி வாங்குவது அதுதான்.

பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரத்தைச் சுற்றிய வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, வைப்பருக்குக் கீழே இருக்கும் பலகை, சைடு மிரரின் அடிப்பகுதி... இந்தக் கருப்பு பாகங்களில் பெரும்பாலும் பெயின்ட் கிடையாது. கார்பன் பிளாக் எனப்படும் கரியைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். அதாவது, நீங்கள் பார்க்கும் கருப்பு அந்தப் பிளாஸ்டிக்கேதான். மேலே காப்பாற்ற எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல், தோல் மாதிரியான அந்தச் சொரசொரப்பு. கைவிரலால் தடவினால் தெரியும். பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலோட்டமாகத் துடைத்தால் மேடுகள் மட்டும் சுத்தமாகும், குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அதை எடுக்க அழுத்தித் தேய்ப்போம். மேடுகள் மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிடும். அதுவும் ஒருவகை நிறமாற்றம்தான்.

சரி, பெட்ரோல் போட்டால் ஏன் வெளுக்கிறது?

இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை, கூடவே கொஞ்சம் ரப்பர் கலப்பு இருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெயின்ட் தின்னர் போன்றவை இந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போய் அதை உப்பவைக்கக் கூடியவை. ஒருமுறை லேசாகத் தொட்டால் பாகமே கரைந்துவிடாது, ஆனால் ஊறவிட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு கெடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பல வருடம் வெயிலில் நின்ற வண்டியின் பிளாஸ்டிக், புற ஊதாக் கதிரால் ஏற்கெனவே வெளுத்துத்தான் இருக்கும். சர்வீஸ் சென்டரில் அடித்த டிரெஸ்ஸிங் திரவமும், எண்ணெய்ப் பிசுக்கும், தூசியும் சேர்ந்து அதைக் கருப்பாகக் காட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அதை எல்லாம் அந்த ஒரு இடத்தில் மட்டும் வழித்து எடுத்துவிடுகிறது. உள்ளே இருந்த நரைத்த முகம் வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் மேலே பாருங்க... எந்த மரம்?

இணையத்தில் தேடினால் கிடைக்கும் வழிகளில் பல அமெரிக்கா, ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. அங்கே பிரச்னை பைன் மரப் பிசின். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால்தான் எல்லோரும் ஆல்கஹால், டர்பன்டைன் என்று சொல்கிறார்கள். கொடைக்கானல் பைன் காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு அது பொருந்தும். நம்ம தெருவில் சொட்டுவது வேறு.

நம்ம ஊர் சொட்டுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கோந்து. வேம்பு, கருவேலம், முருங்கை இவற்றின் பட்டையில் கசியும், காய்ந்தால் கண்ணாடிக் கற்கள் மாதிரி தேன் நிறத்திலோ செம்பழுப்பிலோ இருக்கும். அந்தக் காலத்தில் காகிதம் ஒட்ட வேப்பங்கோந்தைத் தண்ணீரில் ஊறவைத்தது வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதேதான் இங்கேயும் வழி. கோந்துக்கு எதிரி தண்ணீர். பெட்ரோலோ எண்ணெயோ அதைக் கரைக்காது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றித் தேய்த்தாலும் பிளாஸ்டிக்தான் தேயுமே தவிர கோந்து அசையாது. முருங்கைக் கோந்து மட்டும் கொஞ்சம் பிடிவாதம், முழுசாகக் கரையாமல் ஊறி உப்பி ஜெல்லி மாதிரி ஆகும். அந்த நிலையில் வழித்தால் வந்துவிடும்.

இரண்டாவது, பால். ஆல், அரசு, அத்தி, பலா இவற்றின் கிளையோ இலையோ ஒடிந்தால் வெள்ளையாக வடியும். காய்ந்தால் பழுப்பாகி ரப்பர் மாதிரி இழுபடும். மாங்காயின் காம்பில் இருந்து பீறிடும் பாலும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான், எண்ணெய்த் தன்மையும் காரமும் அதில் கூடுதல். வாயோரம் பட்டால் புண்ணாகிறதே, அதே பால். இதற்குத் தண்ணீர் வேலைக்கு ஆகாது. பலாப்பழம் அறுப்பவர்கள் கையிலும் கத்தியிலும் முதலில் என்ன தடவுகிறார்கள்? தேங்காய் எண்ணெய். பம்பருக்கும் அதே எண்ணெய்தான்.

மூன்றாவது, பிசினே இல்லாத பிசின்! மாமரம் பூக்கும் காலத்தில் அடியில் வண்டியை நிறுத்தினால் கண்ணாடி, பானெட், பிளாஸ்டிக் எல்லாம் மெல்லிய பிசுபிசுப்பாக, புள்ளி புள்ளியாக இருக்கும். இது மரம் சொட்டியது கிடையாது. மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புத் திரவம். அதன் மேல் கரும்பூஞ்சணம் படர்ந்தால் கரி பூசினது போல ஆகும். சர்க்கரைதானே, வெறும் வெந்நீரிலேயே போய்விடும். சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் காய்களும் இதே கதைதான். உள்ளே இனிப்பான பிசுபிசுச் சதை இருக்கும். வைப்பர் பலகையில் விழுந்து நசுங்கினால் கருப்பாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கத் தார் மாதிரி இருந்தாலும் தண்ணீருக்கு வழிவிடும்.

மரம் எது என்று தெரியவில்லையா? ஈரத் துணி சொல்லிவிடும். அதைத்தான் அடுத்து பார்க்கப் போகிறோம்.

எப்படி எடுப்பது?

வண்டியை நிழலுக்குக் கொண்டுவாங்க. பிளாஸ்டிக் கையால் தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. சூடான பரப்பில் எதைப் போட்டாலும் உடனே காய்ந்து கறை விடும். முதலில் அந்த இடத்தை மட்டும் இல்லாமல் அந்தப் பாகம் முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க. மேலே இருக்கும் மணல்தூசியோடு தேய்த்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

பிறகு ஒரு பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, பிசின் மேல் போர்த்திவிடுங்க. கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், முக்கியமாக வைப்பர் பலகையில். முன்கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் திடீர்ச் சூட்டில் அது நீளமாக ஓட வாய்ப்பு உண்டு. துணி ஆறினால் மறுபடி நனைத்துப் போடுங்க. பதினைந்து, இருபது நிமிடம் பொறுமையாக விடணும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'இது வேலைக்கு ஆகாது' என்று அடுத்த பாட்டிலை எடுத்துவிடுகிறார்கள்.

துணியை எடுத்துப் பாருங்க. சொட்டு வழவழப்பாகி, ஓரம் கரைந்திருந்தால் அது கோந்து அல்லது பூச்சி சர்க்கரை. இனி வேறு எதுவும் தேவையில்லை. கார் ஷாம்பு, இல்லையென்றால் நாலு சொட்டு மென்மையான ஷாம்பு கலந்த தண்ணீரில், பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷை நனைத்து வட்டமாக ஓட்டுங்க. குழிக்குள் இருப்பதை எடுக்க பிரஷ்ஷின் நுனிதான் சரி. கெட்டியாக மேலே நிற்பதைத் தள்ள ஐஸ் குச்சியைப் பயன்படுத்தலாம். பிளேடு, சாவி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இரும்பு நார் இதெல்லாம் கிட்டவே வரக் கூடாது.

துணியை எடுத்த பிறகும் சொட்டு அப்படியே ரப்பர் மாதிரி உட்கார்ந்திருந்தால் அது பால் வகை. அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு சொட்டின் மேல் மட்டும் வைங்க. கொஞ்சம் தாராளமாகவே. பத்து நிமிடம் கழித்து விரல் நுனியால் உருட்டினால் ஓரத்தில் இருந்து எழும்பி வரும். வராவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். எழும்பியதைத் துணியால் ஒற்றி எடுங்க, பரப்பித் தேய்க்காதீங்க. மாம்பால், ஆலம்பால் என்றால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அந்தக் கையோடு கண்ணைத் தொட வேண்டாம்.

எண்ணெய் போட்டதும் அந்த இடம் கன்னங்கரேலென்று அழகாகத் தெரியும். 'ஆஹா' என்று அப்படியே விட்டுவிடாதீங்க. எண்ணெய் தூசியை இழுக்கும், ஒரு வாரத்தில் அங்கே மட்டும் அழுக்குத் திட்டு வரும். ஷாம்பு தண்ணீரில் அந்தப் பாகம் முழுவதையும் கழுவி முடிக்கணும்.

சானிடைசர் போடலாமா?

போடலாம், ஆனால் கடைசியாக. எண்ணெய்க்கும் அசையாத காய்ந்த பிசின், குறிப்பாகப் பைன் பிசின் என்றால் ஆல்கஹால் உதவும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் அல்லது கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் மிச்சம் இருக்கும் ஆல்கஹால் சானிடைசர் போதும். பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கை ஆல்கஹால் சாதாரணமாக ஒன்றும் செய்வதில்லை என்பதால் பெட்ரோலை விட இது பாதுகாப்பு.

ஆனாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்க. துணியில் கருப்பு ஒட்டினால் நிறுத்திவிடுங்க, அந்தப் பாகத்துக்கு பெயின்டோ பூச்சோ இருக்கலாம். எதுவும் ஆகவில்லை என்றால் துணியில் ஊற்றி, அரை நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்து, உடனே தண்ணீரால் துடைக்கணும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போதோ, பக்கத்தில் யாராவது சிகரெட்டோடு நிற்கும்போதோ வேண்டாம். அந்த ஈரத்தின் மேல் ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ஆல்கஹால் போட்ட இடம் மட்டும் சுற்றுப்புறத்தை விட வேறு நிறமாகத் தெரியும். பதறாதீங்க. பல நேரம் அது கறை இல்லை, அந்த இடம் மட்டும் சுத்தமாகிவிட்டது. மொத்தப் பாகத்தையும் ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாங்க.

ஏற்கெனவே வெள்ளையாகிவிட்டால்?

முதலில் அது என்ன வெள்ளை என்று பார்க்கணும். பிசினை எடுக்க காரின் பெயின்டுக்குப் போடும் வேக்ஸையோ ரப்பிங் காம்பவுண்டையோ பிளாஸ்டிக்கில் தேய்த்திருந்தால், அது குழிக்குள் போய்க் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி நிற்கும். வெந்நீர், ஷாம்பு, டூத் பிரஷ்... இரண்டு மூன்று முறை பொறுமையாகப் போட்டால் குறையும். குறைகிறது என்றால் நிம்மதி, அது மேலே படிந்ததுதான்.

எவ்வளவு கழுவியும் குறையவில்லை என்றால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே மாறிவிட்டது. கார் ஆக்சஸரி கடைகளில் 'டிரிம் ரெஸ்டோரர்' என்று கேட்டால் கிடைக்கும். இதில் இரண்டு ரகம். ஒன்று எண்ணெய் போல மினுக்குக் காட்டுவது, சில மழையில் போய்விடும். இன்னொன்று சாயம் போல ஒட்டி நிற்பது, கூடுதல் நாள் தாங்கும். எதைப் போட்டாலும் திட்டுக்கு மட்டும் போடாமல் பாகம் முழுவதுக்கும் போடுங்க. இல்லையென்றால் வெள்ளைத் திட்டு போய் கருப்புத் திட்டு வரும்.

யூடியூப்பில் ஹீட் கன் பிடித்ததும் பிளாஸ்டிக் புதுசு மாதிரி கருப்பாகும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. கருப்பாவது உண்மைதான். ஆனால் பாலிபுரோப்பிலீன் உருகுவது 160 டிகிரி செல்சியஸ் சுற்றில். ஹீட் கன் காற்று அதைவிடப் பல மடங்கு சூடாக வரக்கூடியது. கை ஒரு நொடி நின்றால் பம்பர் வளைந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் சொந்த வண்டியில் பழக வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஸ்கூட்டர், ஹெட்லைட், ஹெல்மெட்... இதற்கும் அதேதானா?

இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. ஸ்கூட்டர் பாகங்கள் பல ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கில் வருகின்றன. பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் அம்புக்குறி போன்ற இரண்டு அடையாளங்களுக்கு நடுவே பிபி, ஏபிஎஸ், பிசி என்று ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். அதுதான் பிளாஸ்டிக்கின் பெயர். ஏபிஎஸ் மேல் அசிட்டோன் பட்டால் கரையும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருப்பது பெரும்பாலும் அதுதான். இந்தக் கட்டுரையை எழுதுபவர் வீட்டு ஸ்கூட்டரின் முன்பக்கக் கருப்புப் பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. மாம்பாலை நெயில் பாலிஷ் ரிமூவரால் எடுக்கப்போன கதை அது. பால் போனது, கூடவே பிளாஸ்டிக்கின் மேல்தோலும் போனது. ஸ்கூட்டர் அம்மாவுடையது என்பதால் விஷயம் இன்னும் முடியவில்லை.

ஹெட்லைட் கண்ணாடி, ஹெல்மெட் வைசர் இரண்டும் பாலிகார்பனேட். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பட்டால் சிலந்திவலை மாதிரி நுண்விரிசல் விழும், அப்புறம் இரவில் எதிரே வரும் வெளிச்சம் சிதறித் தெரியும். ஹெல்மெட் வைசரில் மிதமான சோப்புத் தண்ணீர், ஈரத் துணி, பொறுமை இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஹெட்லைட்டுக்கும் அதே வழிதான். ரொம்பப் பிடிவாதமான பாலுக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு உடனே கழுவிவிடலாம். பியானோ பிளாக் என்று சொல்லும் பளபளப்பான கருப்புப் பட்டைகளில் பிரஷ்ஷே போடாதீங்க, கீறல் அப்படியே தெரியும்.

இருசக்கர வாகனத்தில் எண்ணெயோ டிரெஸ்ஸிங்கோ கால் வைக்கும் பலகை, ஹேண்டில் பிடி, சீட், பிரேக் டிஸ்க், டயர் பக்கம் போகவே கூடாது. வழுக்கும், பிரேக் பிடிக்காது.

அப்போ நிழலில் நிறுத்தக் கூடாதா?

தாராளமாக நிறுத்துங்க. வெயில் இந்தப் பிளாஸ்டிக்குக்குச் செய்யும் சேதம் நாள்பட்டது, திரும்பாதது. பிசின் அன்றைக்கே கழுவினால் போய்விடுவது. ஒன்று மட்டும், கிளை வெட்டிய அல்லது புயல் காற்றில் ஒடிந்த ஆல், அரசு மரத்தின் அடியில் சில நாளைக்கு வேண்டாம், வெட்டுப்பட்ட இடத்தில் இருந்து பால் வடியும். மா பூத்திருக்கும் மாதங்களில் அந்த மரத்தடியில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்க.

கவர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே பிசின் சொட்டிய வண்டி மேல் அப்படியே கவரை இழுத்துப் போர்த்தினால், வெயில் சூட்டில் கவரின் துணி இழை பிசினோடு ஒட்டி, உரிக்கும்போது பஞ்சு பஞ்சாகக் குழிக்குள் தங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் மேலே சொன்ன வெந்நீர்த் துணியை கவரின் மேலேயே வைத்து, இளகிய பிறகு மெதுவாகத் தூக்குங்க. ரப்பர் மாதிரி பாலாக இருந்து வெந்நீருக்கு இளகவில்லை என்றால், கவரின் ஓரத்தைத் தூக்கி இடுக்கில் எண்ணெயை விட்டுக் காத்திருக்கணும்.